குரங்கு ஊற்றில் நின்ற டாக்ஸி

அத்தியாயம் 7

"ஆறு பேர் வேணும், ஜிலாலி" என்றாள் லல்லா பதூல்.

"தூக்கிப் போறதுக்கா, குழி தோண்டறதுக்கா?"

"டாக்ஸியில ஏறுறதுக்கு."

போலீஸ் பறிமுதல் செய்த வண்டிகள் கிடக்கும் முற்றம் அது. சந்தைக்குப் பின்னால், சரிவான நிலத்தில் இருக்கிறது. கீழ்க் கோடியில் டிரைவர் மோஹாவின் நீல டாக்ஸி நின்றது. பழைய ஜெர்மன் டீசல் வண்டி. எங்கள் அயின் தூராவில் டாக்ஸி என்றாலே அந்த ரகம்தான், அந்த நீலம்தான். நம்பர் பலகை இல்லாவிட்டால் பெற்றவனுக்கே அடையாளம் தெரியாது. மோஹாவின் வண்டிக்கு இப்போது ஒரு அடையாளம் இருந்தது. இடப்பக்க ஹெட்லைட் நொறுங்கிக் கிடந்தது.

அந்தக் கண்ணாடிச் சில்லுகள்தான் மலைச் சாலையில், மருத்துவச்சி ராபிஹா அடிபட்ட இடத்தில் சிதறிக் கிடந்தன. மலையூரில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்து இறங்கிக்கொண்டிருந்தவளை ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவள் பிழைக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அதனால்தான், லாக்கப்பில் கிடக்கும் மோஹாவின் மனைவி இட்டோவுக்கு இப்போது ரொட்டிக்கடையில் ரொட்டி இல்லை என்கிறார்கள், அடுப்பில் வாசனை வரும்போதே.

மோஹா ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். அன்று மாலை மலைச் சாலையில், குரங்கு ஊற்றுப் பக்கம் வண்டி இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, செத்தது. எத்தனை முறை சுற்றியும் பிடிக்கவில்லை. சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுத்துவிட்டு மலை ஏறி மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் போலீஸ் அதே ஊற்றில் அதே வண்டியைக் கண்டுபிடித்தது. சாவியைத் திருப்பினார்கள். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் யார் அவன் பேச்சைக் கேட்பார்கள்? மாமனார் வீட்டார் சொன்ன சாட்சியைப் போலீஸ் ஏற்கவே இல்லை. நாளைக் காலை அவனை மெக்னெஸ் நகரச் சிறைக்குக் கொண்டு போகிறார்கள். போனால் லேசில் வரமாட்டான்.

"அன்னைக்கு அந்த எஞ்சின் நெஜமாவே செத்துச்சா இல்லையா? நமக்கு அது ஒண்ணு போதும்" என்று லல்லா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

லல்லா பதூலைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பது தாண்டியவள். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டவள், இப்போது தனியாகத் துப்பறிகிறாள். வண்டி ஓட்டத் தெரியாது. அதற்குத்தான் என்னை வைத்திருக்கிறாள், பழைய டாக்ஸி டிரைவர் என்பதால். வாய்க்காக வைத்திருக்கவில்லை என்று அடிக்கடி ஞாபகப்படுத்துவாள்.

ஆறு பேர் சேர்ந்தோம். நான் ஸ்டியரிங்கில். பக்கத்தில் லல்லாவும் காவலாளி பூஅஸ்ஸாவும், பின்னால் இட்டோ, அவள் தம்பி, அப்புறம் சந்தையில் சும்மா நின்ற ஒரு தடியன். எங்கள் ஊர் டாக்ஸியில் இது சாதாரணக் கூட்டம்தான்.

"இப்ப மேல கேட் வரைக்கும் ஏத்து."

"லல்லா, இது மோஹா வண்டி. மசூதி வளைவுலயே எல்லாரும் இறங்கி நடப்பாங்க. அதைவிட இது செங்குத்து. பூஅஸ்ஸா வேற காலையில ரெண்டு தட்டு சாப்பிட்டிருக்கான்."

"மூணு" என்றான் பூஅஸ்ஸா, வெட்கமே இல்லாமல்.

கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு முனகலும் இல்லாமல் ஆட்டுக்குட்டி மாதிரி மேலே ஏறிக் கேட்டில் போய் நின்றது.

பின்னாலிருந்து இட்டோவின் குரல் வந்தது. "இது எங்க வண்டி இல்ல."

"நம்பரைப் பார்த்துட்டேன் மகளே. உங்க வண்டிதான்" என்றாள் லல்லா.

"நெறமாசத்துல என்னைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனப்பகூட அந்த வளைவுல இறங்கி நடந்தேன் லல்லா. ராபிஹா அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, மோஹாவைத் திட்டிக்கிட்டே நடந்தாங்க. இந்த வண்டி இப்படி ஏறி நான் பார்த்ததே இல்ல." அவள் அழுதாள். ராபிஹாவின் பெயரைச் சொல்லி அழுவதற்குக்கூட இந்த ஊரில் அவளுக்கு உரிமை இல்லாமல் போயிருந்தது. அந்த அழுகைதான் எனக்குத் தாங்கவில்லை.

லல்லா பூஅஸ்ஸா பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை?"

"மத்தியானம் எங்க மச்சான் இதுலதான் வந்தான். வளைவுல இறங்கித்தான் நடந்தான். செருப்பு பிஞ்சு போச்சுன்னு இன்னும் பொலம்பறான்."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏறாத வண்டி, சனிக்கிழமை போலீஸ் கைக்கு வந்ததுக்கு அப்புறம் ஏறுது. நடுவுல லாயத்துல ஓய்வு எடுத்த குதிரையா இது?" லல்லா கீழே இறங்கினாள். "ஜிலாலி, கத்தூரைக் கூட்டிட்டு வா."

*

மஅல்லிம் கத்தூரைத் தெரியாத டிரைவர் எங்கள் மலையில் கிடையாது. எஞ்சின் டைமிங் என்றால் அவர்தான். என் கல்யாணத்தன்று பெண் வீட்டாரின் வண்டி நடுவழியில் நின்றபோது, கொட்டுகிற மழையில் படுத்துச் சரிசெய்து அனுப்பியவர். சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை, சட்டை அழுக்கு என்றார். மஅல்லிம், அதாவது ஆசான், என்று கூப்பிடும்போது என் குரல் தானாகவே பணிந்துவிடும்.

அவர் கருவிப்பெட்டியோடு வந்தார். முகம் ஒரு வாரமாகத் தூங்காதவர் முகம். ஊரே அப்படித்தான் இருந்தது, எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

"டைமிங் பார்த்துச் சொன்னாப் போதுமா லல்லா?"

"போதும் மஅல்லிம். எஞ்சின் நல்லா இருக்கா, இல்ல செத்துப் பிழைச்சதா? உங்க வார்த்தையைக் கோர்ட்டு கேட்கும்."

அவர் எஞ்சினின் மேல் மூடியைக் கழற்றினார். கேம் ஷாஃப்ட் எண்ணெயில் மினுமினுத்தது. வால்வுகளை வேளை பார்த்துத் திறந்து மூடுவது அந்தத் தண்டுதான். அதன் தலையில் ஒரு வெட்டுக் குறி. அதைத் தாங்கும் கட்டையில் ஒரு மேட்டுக் குறி. கீழே, செயின் வழியாக அதைச் சுற்றுகிற கிராங்கின் புல்லியில் டிகிரிக் கோடுகள். மேலே இரண்டு குறியும் நேராகச் சேரும்போது கீழே முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். புது வண்டி என்றால் நிற்கும்.

பூஅஸ்ஸா உதவுகிறேன் என்று ஸ்பேனரைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பப் போனான். கத்தூர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"எஞ்சின் சுத்தற பக்கமே திருப்பணும்டா. பின்னால திருப்பினா செயின் தொய்ஞ்சு பொய் சொல்லும்."

அவரே திருப்பினார். மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. மேலே குறியும் குறியும் சேர்ந்தன. குனிந்து கீழே பார்த்தார்.

"சரியா இருக்கு. மூடிடலாமா?"

"எவ்வளவு சரி?"

"பூஜ்யம். மயிரிழை பிசகல." ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். "என்ன செய்யறது லல்லா. மோஹா நல்ல பையன்தான். ஆனா இந்த எஞ்சின் செத்த எஞ்சின் இல்ல."

இட்டோ சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கோர்ட்டில் மஅல்லிம் இதைச் சொன்னால் தீர்ந்தது கதை.

லல்லா மட்டும் புல்லியைக் குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஜிலாலி, உன் பழைய டாக்ஸியில இந்த முள் எங்க நிக்கும்?"

"அஞ்சாறு டிகிரி தள்ளி. செயின் தேய்ஞ்சு நீண்டுபோகும்ல. மேல இருக்கற கேம் பின்தங்கிடும். வால்வு பிந்தித் திறக்கும், வண்டி மூச்சு வாங்கும். மேட்டுல இறங்கி நடக்க வேண்டியதுதான். பழைய வண்டி எல்லாத்துக்கும் இந்த வியாதி உண்டு."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. எட்டிச் செயினைப் பார்த்தேன். கறுத்து, தேய்ந்து, விரலால் தூக்கினால் ஆடுகிற பழைய செயின்.

"கிழட்டுச் செயின். முள் மட்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி பூஜ்யத்துல நிக்குது. எப்படி மஅல்லிம்?" என்றாள் லல்லா.

கத்தூர் துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார். "பிறை போட்டிருப்பாங்க" என்றார் கடைசியில்.

பிறை என்றால் அரை நிலா வடிவத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. கேம் ஷாஃப்டையும் அதன் பல்சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிப் பிடிப்பது. நேரான துண்டை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் லேசாகப் படி வைத்த துண்டைப் போட்டால் கேம் அந்த அளவுக்கு முன்னால் நகரும். செயின் தின்ற டிகிரி திரும்பக் கிடைத்துவிடும்.

"யாரு போட்டிருப்பாங்க?"

"மெக்னெஸ்ல யாராவது."

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கும் சனிக்கிழமை காலைக்கும் நடுவுலயா? கழட்டுங்க, பார்த்துடலாம்."

"தொழுகை நேரம் வருது லல்லா."

"அதுக்குள்ள உங்க கை முடிச்சிடும்."

அவர் வேறு வழியில்லாமல் கருவியை எடுத்தார். செயினின் இறுக்கியைத் தளர்த்தினார். பல்சக்கரத்தின் போல்ட்டைக் கழற்றப் போனார். அப்போதுதான் கவனித்தேன், செயின் இறங்கும் பள்ளம் திறந்தே கிடந்தது. அதில் முதலில் துணியை அடைத்துவிட்டுத்தான் மேலே கை வைக்க வேண்டும். ஒரு திருகாணி உள்ளே விழுந்தால் எஞ்சினின் அடிவயிறு வரைக்கும் போய்விடும். துணி வைக்க மறந்ததற்காக இதே மனிதர் என் மண்டையில் குட்டியிருக்கிறார்.

பாவம், வயசாகிவிட்டது, மனசு சரியில்லை என்று நினைத்தேன். மற்றவர்கள் முன்னால் சொல்லிக் காட்ட விரும்பவில்லை. அவர் போல்ட்டோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தபோது என் கழுத்துத் துண்டை உருவி, சத்தமில்லாமல் பள்ளத்தில் திணித்தேன்.

பல்சக்கரம் வெளியே வந்தது. கத்தூரின் விரல் ஒரு தட்டுத் தட்டியது. பிறை நழுவியது.

"அடடா, உள்ள விழுந்துடுச்சே" என்றார்.

விழவில்லை. என் துண்டின் மடிப்பில் கிடந்தது.

நான் சிரித்தேன். சத்தியமாக, சந்தோஷத்தில்தான் சிரித்தேன். "பார்த்தீங்களா மஅல்லிம், உங்க குட்டு வீண் போகல!" அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததும் என் சிரிப்பு அப்படியே செத்துவிட்டது.

லல்லா பிறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு பக்கம் படி வைத்திருந்தது. அரத்தின் கோடுகள் இன்னும் பளபளத்தன. எண்ணெய்க் கறைகூடச் சரியாகப் பிடிக்கவில்லை.

"கையால ராவினது. நம்ம மலையில இதை யாரு செய்வாங்க, ஜிலாலி?"

எனக்குப் பதில் தெரியும். ஊருக்கே தெரியும். இதற்காகத்தான் டிரைவர்கள் அவர் பட்டறையில் காத்துக் கிடப்பார்கள். மோஹாவும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான், பெருநாள் கழியட்டும் என்று அவர்தான் தள்ளிப்போட்டு வந்தார். நான் என் கழுத்துத் துண்டை உதறி மடித்தேன். லல்லாவும் வற்புறுத்தவில்லை.

"ஹெட்லைட்டுக்கு நாலு திருகாணிதான்" என்றாள், யாரையும் பார்க்காமல். "எல்லாம் ஒரே ரக வண்டி. இந்த வண்டியில இருந்து அந்த வண்டிக்கு யார் வேணா மாத்தலாம். ஆனா செத்த எஞ்சினை, மலையில, ரோட்டோரத்துல, பொழுது சாயற நேரத்துல உசுப்பி விடறதுக்கு இந்த ஊர்ல ஒரு கைதான் இருக்கு. அன்னைக்குச் சாயங்காலம் நீங்க யாரோ ஒருத்தர் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தீங்க. பட்டறைப் பக்கத்துல விசாரிச்சிட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

கத்தூர் வண்டியின் விளிம்பில் சாய்ந்து நின்றார். தப்பி ஓடும் எண்ணமெல்லாம் அவரிடம் இல்லை.

"வளைவுல வெயில் கண்ணுல அடிச்சிச்சு. அவங்களைப் பார்க்கவே இல்ல. சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. நான் நிக்கல. ஊற்றுக்கு வந்தா இது நிக்குது, பானெட்டைத் தூக்கிக்கிட்டு. ஆள் இல்ல. சாவி மிதியடிக்குக் கீழ, எல்லா டிரைவரும் வைக்கற மாதிரி. லைட்டை மாத்தினேன். அப்புறம்தான் உறைச்சுது. செத்துக் கெடக்கற வண்டி யாரையும் அடிக்க முடியாதே. திறந்து பார்த்தா செயின் ஒரு பல்லு தாண்டியிருந்துச்சு."

"பல்லை மட்டும் திருப்பி வச்சிருந்தா வண்டி கிளம்பியிருக்கும். மேட்டுல பழையபடி முக்கியிருக்கும். எனக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது" என்றாள் லல்லா. "பிறையை ஏன் போட்டீங்க?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். "பல்சக்கரத்தைக் கழட்டியாச்சு. குறி பிந்தி நின்னுச்சு. பெட்டியில பிறை இருந்துச்சு. அதை அப்படியே விட்டுட்டு மூட என்னால முடியல லல்லா. கை கேட்கல."

இட்டோ எழுந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து நான் நகர்ந்தேன். அவள் அவர் எதிரில் நின்று கேட்டது ஒன்றுதான்.

"அவங்க பக்கத்துல போய்ப் பார்த்தீங்களா?"

"செத்துட்டாங்கன்னுதான்..."

"பார்த்தீங்களா?"

"இல்ல. இறங்கல. திரும்பும்போதும் காட்டு வழியா வந்துட்டேன்."

லல்லா அந்தப் பிறையைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டே சொன்னாள். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

"ஒரு இடையன் இருட்டினதுக்கு அப்புறம்தான் அவங்களைப் பார்த்தான். அப்ப மூச்சு இருந்துச்சு மஅல்லிம். தண்ணி கேட்டிருக்காங்க. அவன் கழுதை மேல ஏத்திக்கிட்டு வர்ற வழியிலதான் போச்சு. நீங்க மேல டைமிங் பார்த்துக்கிட்டு இருந்த நேரமெல்லாம் அவங்க கீழ உயிரோடதான் கெடந்தாங்க."

கத்தூர் தரையில் உட்கார்ந்தார். எண்ணெய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பூஅஸ்ஸா ஸ்டேஷனுக்குப் போன் செய்தான்.

*

ஸ்டேஷனில் எழுத்து வேலை நடந்துகொண்டிருந்தது. லல்லாவும் இட்டோவும் இன்ஸ்பெக்டர் அறையில் இருந்தார்கள். மோஹாவிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் தாடியும் சிவந்த கண்களுமாக எழுந்து வந்தான். "மெக்னெஸுக்கா? இப்பவேவா?"

"மெக்னெஸ் இல்லடா. வீட்டுக்கு. அன்னைக்கு உன் எஞ்சின் செத்துதான் கெடந்துச்சுன்னு நிரூபிச்சாச்சு. யாரோ வந்து சரி பண்ணியிருக்காங்க."

அவன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினான். சிரிக்கிறானா அழுகிறானா என்று புரிய நேரமாயிற்று.

"நான் அன்னைக்கே சொன்னேன் ஜிலாலி, ஒருத்தன் கேட்கல. மஅல்லிம் கத்தூரைக் கூட்டிட்டு வாங்க, அவர் கண்டுபிடிப்பாருன்னு. அவர்தானே கண்டுபிடிச்சார்?"

நான் கம்பியின் துருவை நகத்தால் சுரண்டினேன்.

"அவர்தான். எனக்குத் தெரியும். ஊரே கைவிட்டாலும் அவர் விடமாட்டார். வெளிய வந்ததும் மொத வேலையா நேரா பட்டறைக்குப் போறேன், அவர் கையைப் புடிச்சு முத்தம் குடுக்கறேன்."

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவற்றுக்கு நடுவில் ஒருவர் கால் இழுத்து நடந்து வருவதும் கேட்டது. நான் ஒரு அடி நகர்ந்து, மோஹாவுக்கு எதுவும் தெரியாதபடி கம்பியை மறைத்துக்கொண்டு நின்றேன்.